மடித்த தகட்டின் வரலாறு



மகிழுந்தின் போனட்டைத் திறந்து பார்த்தால் இயந்திரமும் பேட்டரியும் நீர்த்தொட்டியும் முதலில் கண்ணில் படும். நம்மில் பலர் அதற்குமேல் பார்ப்பதில்லை. சற்றுக் கூர்ந்து நோக்கினால் ஃபியூஸ் பெட்டி, ரிலே, மின்கம்பிக் கட்டு போன்ற சிறு உறுப்புகள் ஏதேனும் ஒரு தகட்டின்மேல் பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அத்தகடு பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் தடிப்புகூட இராது. ஆயினும் இயந்திரத்தின் அதிர்வையும் வெப்பத்தையும் ஈரத்தையும் பல ஆண்டுகள் தாங்கி நிற்கிறது. தொழிற்சாலை தராத ஒரு கருவியைப் பழைய வண்டியில் புதிதாகப் பொருத்த வேண்டுமானால், அதற்கேற்ற தகட்டை யாராவது ஒருவர் பட்டறையில் அளந்து, வெட்டி, மடித்துத் தர வேண்டும்.

அந்தத் தகட்டின் வரலாற்றையே இங்கு எழுத விழைகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்குத் தகட்டு வேலையில் என்ன அக்கறை என்று சிலர் வினவலாம். காரணங்கள் இரண்டு. இவ்வரலாறு நம் நாட்டு மண்ணோடும் நம் மொழியோடும் தொடர்புடையது என்பது ஒன்று. பெற்றோர் சந்திப்பு நாள்களில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் மற்றொன்று. "படிப்பு ஏறாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம், சார்" என்பதே அவ்வாக்கியம். அது சரியா என்பதைக் கட்டுரையின் முடிவில் நீங்களே தீர்மானிக்கலாம்.

தகரம் என்னும் சொல்

தகரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் வழங்குகிறது. வெள்ளீயம் என்ற உலோகம் ஒன்று. கூரைக்கும் பெட்டிக்கும் பயன்படும் மெல்லிய இரும்புத் தகடு மற்றொன்று. இரும்பும் வெள்ளீயமும் வெவ்வேறு உலோகங்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். இரும்பு உருக 1,538 பாகை வேண்டும். இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் ஒரே பெயர் எவ்வாறு பொருந்தியது?

விடை தொழில் வரலாற்றில் இருக்கிறது. இரும்புத் தகடு எளிதில் துருப்பிடிக்கும். ஆகவே அதனை உருகிய வெள்ளீயத்தில் முக்கி எடுத்து, மேலே மெல்லிய பூச்சு ஒன்றைப் படியவிடும் முறையை ஐரோப்பியர் கையாண்டனர். இக்கலை முதலில் பொகீமியா, சாக்சனி ஆகிய பகுதிகளில் வளர்ந்தது. பிறகு பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் வேல்ஸ் நாட்டிலுள்ள பான்டிபூல் என்னும் ஊரில் வேரூன்றியது. அதுவரை இரும்பைச் சம்மட்டியால் அடித்தே தகடாக்கினர். பான்டிபூலில் உருளைகளுக்கிடையே செலுத்தி உருட்டித் தகடாக்கினர். எனவே தடிப்பு எங்கும் சீராக இருந்தது. வெள்ளீயம் பூசிய இத்தகடு உலகெங்கும் பரவியபோது பூச்சின் பெயரே தகட்டுக்கும் ஆகிவிட்டது. ஆங்கிலத்திலும் 'டின்' என்ற சொல் உலோகத்தையும் டப்பாவையும் ஒருங்கே குறிப்பதைக் காண்க.

இந்தப் பூச்சுக்கு வேண்டிய வெள்ளீயம் எங்கிருந்து சென்றது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதில் பெரும்பங்கு மலாயா மண்ணிலிருந்து சென்றது. லாருட் பகுதியிலும் பின்னர்க் கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈயச் சுரங்கங்கள் பெருகின. 1887இல் தொடங்கப்பட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் சிங்கப்பூரின் புலாவ் பிரானித் தீவில் உருக்காலை அமைத்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் மலாயா உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் விளைவிக்கும் நாடாகிவிட்டது. ஈப்போ, கம்பார் வட்டாரங்களில் இன்று நாம் காணும் ஈயக்குட்டைகள் அக்காலத்தின் எச்சங்களே. மேலைநாட்டுச் சமையலறை டப்பாவின் மெல்லிய மேற்பூச்சில் நம் பேராக் மாநிலத்து மண் கலந்திருந்தது என்று மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். வரலாற்றுப் பாடம் அவர்களுக்குச் சற்று நெருங்கி வரும்.

தகடு தமிழருக்குப் புதிதன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். சோழர் காலக் கொடைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டன. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் வழங்கப்பட்டதும் அவ்வாறே செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. கடாரம் இன்றைய கெடா என்பதை நாம் அறிவோம். இந்தியச் செப்பேடுகள் பலவற்றில் ஓரங்கள் சற்று உயர்த்தப்பட்டிருக்கும். ஏடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து எழுத்துத் தேயாமலிருக்க அவ்வாறு செய்தனர். ஓரத்தை உயர்த்தினால் தகடு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்னும் அறிவு அத்துணைப் பழையது.

மடிப்பே வலிமை

ஓரத்தை மடிப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு வெள்ளைத் தாளின் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை தொங்கிவிடும். அதே தாளை விசிறிபோல் மடித்தால் பென்சிலைத் தாங்கும். தாள் அதே தாள்தான். வடிவம் மட்டுமே மாறியது.

இவ்வுண்மையைத் தொழிலாக்கியவர்களுள் ஹென்றி ராபின்சன் பால்மர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முக்கியமானவர். அவர் 1829இல் நெளியிரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அலையலையாக நெளித்த மெல்லிய தகடு பெரிய கூரையையும் தாங்கியது. 1837இல் பிரான்சு நாட்டின் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் என்பவர் இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நெளிவும் துத்தநாகப் பூச்சும் சேர்ந்ததே நாம் அறிந்த தகரக் கூரை. தோட்டத்து லயங்களிலும் பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களிலும் மழை பெய்தால் ஆசிரியரின் குரல் கேளாமற்போனது இக்கூரையால்தான்!

வலிமை எவ்வளவு கூடுகிறது என்பதை எண்ணாலும் சொல்லலாம். 100 மி.மீ. அகலமும் 1.5 மி.மீ. தடிப்பும் உள்ள ஒரு நீண்ட எஃகுத் தகட்டை எடுத்துக்கொள்வோம். அதன் இரு நீள ஓரங்களிலும் 12 மி.மீ. உயரத்துக்கு மடிப்பு எழுப்பினால், நீளவாக்கில் அது வளைவதை எதிர்க்கும் திறன் ஏறத்தாழ 40 மடங்காகிறது. மடிப்புக்காகச் சேர்ந்த உலோகமோ ஐந்தில் ஒரு பங்குதான். பட்டறைக்காரர் எந்தத் தகட்டையும் வெறும் தட்டையாக விடாமல் ஓரம் மடிப்பதற்கு இதுவே காரணம்.

குதிரை வண்டியிலிருந்து மகிழுந்துக்கு

குதிரை வண்டிகளில் வண்டியோட்டியின் காலுக்கு முன்னால் ஒரு மறைப்புப் பலகை இருந்தது. குதிரையின் குளம்பு வாரி எறியும் சேறும் கல்லும் மேலே தெறிக்காமல் அது தடுத்தது. ஆங்கிலத்தில் அதனை 'டேஷ்போர்டு' என்றனர். குதிரை போய் மகிழுந்து வந்த பின்னும் அப்பலகை போகவில்லை. 1891 வாக்கில் பிரான்சின் பனார் லெவாசோர் நிறுவனத்தார் இயந்திரத்தை வண்டியின் முன்பக்கம் வைத்தனர். அப்போது அப்பலகைக்குப் புதிய பணி வாய்த்தது. ஒரு பக்கம் சூடும் எண்ணெயும் புகையும், மறுபக்கம் மனிதர்கள். இரண்டுக்கும் நடுவே அது சுவராக நின்றது.

சுவர் இருந்தால் எதையாவது மாட்டத் தோன்றும் அல்லவா? 1908இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' வண்டியில் தீப்பொறி உண்டாக்கும் நான்கு மின்சுருள்கள் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டு அச்சுவரில் பொருத்தப்பட்டிருந்தன. தொடக்க ஆண்டுகளில் அச்சுவர் மரத்தாலேயே ஆனது. 1920களில் எஃகுத் தகடு அவ்விடத்தைப் பிடித்தது. 'டேஷ்போர்டு' என்ற பெயர் மெல்ல நகர்ந்து ஓட்டுநர் முன்னுள்ள அளவுமானிப் பலகைக்கு உரியதாயிற்று. இயந்திரப் பக்கத்துச் சுவருக்கு 'ஃபயர்வால்' என்ற பெயர் நிலைத்தது. கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் 'தீச்சுவர்' என்று சொல்வது இச்சொல்லையே. நெருப்பைப் பரவவிடாமல் தடுக்கும் சுவர் என்பதே எங்கும் அதன் பொருள்.

வண்டியின் உடல் முழுவதும் எஃகாக மாறியது எட்வர்ட் பட் என்ற அமெரிக்கரின் முயற்சியால். அதற்கு முன் மகிழுந்தின் உடல் மரச்சட்டத்தின்மேல் தகடு அறைந்து செய்யப்பட்டது. பட் 1912இல் பிலடெல்பியா நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். முழுவதும் எஃகாலான 5,000 உடல்கள் வேண்டுமென 1914இல் டாட்ஜ் சகோதரர்கள் அவரிடம் கேட்டனர். மாபெரும் அழுத்து இயந்திரங்களில் அச்சு வைத்து, ஒரே அழுத்தில் தகட்டை வளைத்தெடுக்கும் முறை அவ்வாறு மகிழுந்துத் தொழிலின் அடித்தளமாயிற்று.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. அச்சு செய்வதற்குப் பெரும்பணம் செலவாகும். ஆயிரக்கணக்கில் அழுத்தினால்தான் அந்தச் செலவு ஈடாகும். ஒரே ஒரு தகடு வேண்டும் என்பவருக்கு அச்சு பயன்படாது. ஆகவே தொழிற்சாலை எவ்வளவு வளர்ந்தாலும், ஒற்றைத் தகடு செய்யும் கைத்தொழில் அதன் நிழலில் வாழ்ந்துகொண்டே இருக்கிறது. புதிய வண்டியின் முதல் மாதிரியையும் பெரும்பாலும் கைவினைஞரே தகடு தட்டிச் செய்தனர் என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டில்

ஃபோர்டு நிறுவனம் 1926இல் மலாயாவுக்கான தன் கிளையைச் சிங்கப்பூரில் நிறுவியது. பிரிக்கப்பட்ட வண்டிகள் பெட்டிகளில் கப்பலேறி வந்தன. இங்கே அவற்றைப் பூட்டினர். 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் அதன் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவின் முதல் ஃபோர்டு தொழிற்சாலை அது. நான்கு மாதங்கள்கூட நிறையவில்லை. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தது அந்தத் தொழிற்சாலையில்தான். 1980 வரை அங்கு வண்டிகள் பூட்டப்பட்டன. 2006 முதல் அது நினைவுக் கூடமாக விளங்குகிறது. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் சரணடைந்த அறையைக் காட்டும்போது, அது மகிழுந்து பூட்டிய இடம் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம்.

தீபகற்பத்தில் கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பட்டறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பெரிய தொழிற்கூடமாக இருந்தது. நம்மவர் பலர் அங்குப் பணியாற்றினர். செந்தூல் தமிழர் வாழும் பகுதியாக வளர்ந்ததற்கு அப்பட்டறையும் ஒரு காரணம். 1967இல் ஷா ஆலாமில் வால்வோ வண்டிகள் பூட்டப்படலாயின. 1983இல் புரோட்டோன் நிறுவனம் தோன்றி, 1985 ஜூலை 9இல் சாகா வண்டியை வெளியிட்டது.

1985ஆம் ஆண்டை மாணவர்கள் இருமுறை அடிக்கோடிட வேண்டும். ஜூலையில் சாகா வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றம் பணமின்றித் தடுமாற, வெள்ளீயத்தின் விலை சரிந்தது. கிந்தாவின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தகரம் என்ற சொல்லின் முதற்பொருள் இந்நாட்டில் தேய்ந்த அதே ஆண்டில், எஃகுத் தகட்டில் ஆன வண்டி இந்நாட்டின் பெருமையாக வெளிவந்தது.

ஒரு தகடு உருவாகும் விதம்

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது சிறு பட்டறை நடத்துகிறார். வாடிக்கையாளர் ஒருவரின் பழைய சாகாவில் முன்விளக்குகளுக்கான ரிலேக்களையும் கூடுதல் ஃபியூஸ் பெட்டியையும் பொருத்த ஒரு தகடு செய்துகொண்டிருந்தார். அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

அவர் முதலில் எடுத்தது தகட்டை அன்று, மணிலா அட்டையை! நாம் வகுப்பறையில் பயன்படுத்தும் அதே அட்டைதான். அதனை வெட்டி, இயந்திரப் பக்கத்தில் வைத்து, தடையாக உள்ளதைக் குறித்து, மீண்டும் வெட்டினார். மூன்றாவது அட்டையே சரியாக அமைந்தது. "ஏன் தம்பி, இத்தனை அட்டை?" என்றேன். "தப்பு பண்றதா இருந்தா அட்டையிலேயே பண்ணிடணும் சார். தகட்டுல பண்ணினா காசு போயிடும்" என்றார்.

அட்டையை வைத்துப் பார்க்கும்போதே பல முடிவுகளை அவர் எடுத்துவிட்டார். வண்டியில் ஏற்கெனவே உள்ள போல்ட்டுத் துளைகளையே பயன்படுத்துவது. தீச்சுவரில் புதிய துளை போடாமலிருப்பது. வெளியேறும் புகைக்குழாயின் சூட்டிலிருந்து விலகியிருப்பது. பேட்டரியைக் கழற்ற இடையூறாக இராமலிருப்பது. போனட்டை மூடினால் இடிக்காமலிருப்பது. இத்தனையும் ஒரு மணிலா அட்டையில் அடங்கின.

அடுத்து உலோகத் தேர்வு. அலுமினியம் இலகுவானது. ஆனால் எல்லா அலுமினியமும் மடியாது. 5052 என்ற எண் கொண்ட கலவை நன்றாக மடியும். 6061 வகையைக் கடினப்படுத்திய நிலையில் கூராக மடித்தால் விரிசல் விடும். அலுமினியமும் எஃகு போல்ட்டும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பும் உண்டாகும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே அவர் 1.5 மி.மீ. மென்னெஃகைத் தேர்ந்து, இறுதியில் வண்ணம் பூசிவிட முடிவு செய்தார்.

பிறகு அவர் ஒரு கணக்குப் போட்டார். அக்கணக்கே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஆங்கில 'எல்' எழுத்தைப்போல் மடித்த பின் இரு பக்கமும் வெளியளவில் 30 மி.மீ. இருக்க வேண்டும். வெட்ட வேண்டிய நீளம் எவ்வளவு? நாமெல்லாரும் 60 என்போம். அவர் 57.3 என்று குறித்தார்.

காரணத்தைக் கேளுங்கள். தகட்டை மடிக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் நெருங்குகிறது. இடையில் நீளாமலும் நெருங்காமலும் ஒரு படலம் இருக்கிறது. அது தகட்டின் நட்டநடுவில் இராமல் சற்று உட்புறம் தள்ளியிருக்கும். உள்வளைவின் ஆரம் 1.5 மி.மீ. அப்படலம் உட்பரப்பிலிருந்து தடிப்பில் 0.4 பங்கு, அதாவது 0.6 மி.மீ. தள்ளியுள்ளது. ஆக அதன் ஆரம் 2.1 மி.மீ. செங்கோணமாக மடிப்பதால் கால்வட்டம். 2.1 ஆரமுள்ள கால்வட்டத்தின் வில் நீளம் 3.3 மி.மீ. இருபுறமும் நேராக உள்ள பகுதி ஒவ்வொன்றும் 30இல் 3 போக 27. மூன்றையும் கூட்டினால் 57.3. அறுபது என்று வெட்டியிருந்தால் 2.7 மி.மீ. மிகுந்து, போல்ட்டுத் துளைகள் நேர்படாமற்போயிருக்கும்.

இது படிவம் 2 கணிதத்தில் வரும் வட்டப் பாடம். அப்பாடத்தில் அவர் திணறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அப்பல்லாம் எதுக்குன்னு தெரியல சார்" என்று சிரித்தார்.

பின்னர் கீறுகோலால் கோடிட்டு, மடிப்பதற்கு முன்பே துளைகளைப் போட்டார். துளைகளை மடிப்புக் கோட்டிலிருந்து போதிய தொலைவில் வைத்தார். அருகில் வைத்தால் மடிக்கும்போது அவை நீள்வட்டமாகிவிடும். தகட்டை வைசில் இரு கோண இரும்புகளுக்கிடையே இறுக்கி, கொட்டாப்புளியால் ஓரம் முழுவதும் சிறிது சிறிதாகத் தட்டி மடித்தார். விசை விட்டதும் தகடு சற்றே பின்வாங்கும் என்பதால் செங்கோணத்தைக் கடந்து ஓரிரு பாகை கூடுதலாகவே வளைத்தார். வெட்டிய ஓரங்களை அரத்தால் ராவினார். மின்கம்பி நுழையும் துளைகளில் ரப்பர் வளையம் பொருத்தினார்; கூரான விளிம்பு கம்பியின் உறையை அறுத்தால் மின்கசிவும் தீயும் நேரிடலாம். இறுதியாகப் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே தகட்டை வண்டியில் பூட்டினார்.

நாம் சிந்திக்க வேண்டியது

இப்பொழுது அந்த வாக்கியத்துக்கு வருவோம். "படிப்பு ஏறாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம்." இவ்வாக்கியம் இரண்டு தீமைகளைச் செய்கிறது. கைத்தொழில் செய்ய அறிவு வேண்டியதில்லை என்று பிள்ளைக்குச் சொல்கிறது. தண்டனையாகவே அவனைப் பட்டறைக்கு அனுப்புகிறது. அந்த எண்ணத்தோடு போகும் பிள்ளை பிறர் காட்டியபடி போல்ட்டை முடுக்கக் கற்பான். அறுபது ஏன் ஐம்பத்தேழு புள்ளி மூன்று ஆகிறது என்று கேட்க மாட்டான். பல ஆண்டுகள் கழிந்தும் உதவியாளாகவே நின்றுவிடுவான். நம் சமூகத்தில் அப்படி நின்றுவிட்ட இளைஞர்களை நாம் அனைவரும் அறிவோம்.

விருப்பத்தோடு செல்பவனுக்கு இன்று வழிகள் உள்ளன. மலேசியாவில் தொழிற்கல்விப் பள்ளிகள் 2012 முதல் தொழிற்கல்லூரிகளாக உயர்த்தப்பட்டன. மலேசியத் திறன் சான்றிதழ் படிநிலைகளாக வழங்கப்படுகிறது. சிங்கப்பூரில் தொழில்நுட்பக் கல்விக் கழகம் 1992 முதல் இயங்கி வருகிறது. இவற்றைப் பற்றிப் பெற்றோர் தேர்வு முடிவுக்குப் பின் அவசரமாக விசாரிக்காமல், பிள்ளையின் கை எதில் நிலைக்கிறது என்று முன்கூட்டியே கவனித்துப் பேச வேண்டும். பழுதான மின்விசிறியைப் பிரித்துப் போடும் பிள்ளையைத் திட்டுவதற்குமுன், அதனை மீண்டும் பூட்டத் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வட்டம் கற்பிக்கும் நாளில் ஒரு மணிலா அட்டையையும், எங்கேனும் கிடைக்கும் மடித்த தகட்டுத் துண்டு ஒன்றையும் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். அட்டையில் ஓரம் மடித்து அதன்மேல் புத்தகத்தை வைத்துக் காட்டுங்கள். தகட்டின் வெளியளவை அளக்கச் செய்து, மடிப்பதற்கு முன் அது எவ்வளவு நீளம் இருந்திருக்கும் என்று கேளுங்கள். கடைசி வரிசையில் வழக்கமாகப் பேசாமலிருக்கும் மாணவன் ஒருவன் அன்று கையுயர்த்தக்கூடும். அவனுக்குப் பாடம் ஏறவில்லை என்று நாம் இதுவரை எழுதி வைத்திருந்தால், அக்குறிப்பை அன்றே மறுபரிசீலனை செய்வோம்.

உங்கள் பள்ளியிலோ குடும்பத்திலோ தகட்டு வேலை, பற்றவைப்பு, கொல்லுவேலை செய்த மூத்தோர் இருந்தால் அவர்களின் அனுபவங்களை மாணவர்களைக் கொண்டு எழுதி வாங்குங்கள். நம் தொழிலாளர் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் அவர்களிடமே உள்ளன.